தூளிக்கு இறங்கிய எறும்புகள்

இன்று சைக்கிள் கடையில் செயினை மண்ணெண்ணெயில் கழுவிக்கொண்டிருந்தார்கள். அந்த வாசனை பட்டதும், திருப்பாதிரிப்புலியூரில் நாங்கள் குடியிருந்த, இப்போது லாட்ஜாகிவிட்ட ஓட்டு வீடு நினைவுக்கு வந்தது. உத்தரம் வழியாக எப்போதும் எறும்புகள் இறங்கிக்கொண்டே இருக்கும் வீடு அது. தம்பி பிறந்த பிறகு அம்மா தினமும் மண்ணெண்ணெயில் நனைத்த துணியைத் தூளிக் கயிற்றின் மேல்பக்கம் சுற்றிக் கட்டுவாள், கதவிடுக்கில் மஞ்சள்தூள் தூவுவாள், சர்க்கரை டப்பாவைத் தண்ணீர் ஊற்றிய தட்டில் வைப்பாள், அப்பாவோ, "புள்ள வாயெல்லாம் பால் வழியுது, எறும்பு வராம யானையா வரும்?" என்று சிரிப்பார்.

அம்மாவுக்குச் செவ்வெறும்பு என்றாலே பயம். ஒரு மதியம் தம்பி வீறிட்டு அழுதான். பார்த்தால், மேலே கட்டிய துணி காய்ந்துபோய், கயிறு நெடுக எறும்புச் சாரை. அம்மா அவனை வாரியெடுத்து, சட்டையைக் கழற்றி உதறி, உடம்பெங்கும் தேடினாள். சத்தம் கேட்டு ஓடிவந்த பக்கத்து வீட்டு மும்தாஜ் அக்கா தூளியை விரித்துப் பார்த்தார்.

"எல்லாம் கருப்புக்கா. உங்க புள்ளையாரு எறும்பு, கடிக்காது. செவப்பா இருந்தா இந்நேரம் ஒடம்பு தடிச்சிருக்கும். அவனுக்குப் பசி, அவ்ளோதான்!"

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்து, அழுகையும் சிரிப்புமாகத் தம்பிக்குப் பால் கொடுத்தாள். உதறியதில் விழுந்த எறும்புகள் அவள் காலைச் சுற்றிக்கொண்டு போயின; ஒன்று பாதத்தின் மேலேயே ஏறி இறங்கியது. அவள் தட்டிவிடவில்லை.