என் தங்கை எடுக்காத பிரெஞ்சுப் பாடம்

எங்கள் ஆலை ஊர் லூயிஸ்டனில் மழை ஒழுகாத வீடு எது என்று கேட்டால், ரொசேர் உவெலெட் கூரை போட்ட வீடு என்பார்கள். அந்த ரொசேர் நான்தான். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கு முழுக்குப் போட்டுவிட்டு, பதினான்கு வயதில் ஏணி ஏறினேன். முப்பது வயதில் என் கீழே இருபத்திரண்டு பேர் வேலை பார்த்தார்கள். ஆனால் இது என் தங்கை மார்செலினின் கதை. என்னை விட்டுவிட்டு அதைச் சொல்ல முடியவில்லை, அதுதான் சங்கடம்.

என்னைவிடப் பதினான்கு வயது இளையவள். அப்பாவை நூற்பாலைத் தூசி கொண்டுபோயிற்று. அடுத்த குளிர்காலத்தில் அம்மாவும் போனாள். வளர்த்தது நான். அவளுக்குப் பத்து வயதானபோது ஒரு வீட்டுக் கூரையிலிருந்து விழுந்தேன். கீழ்க்காலில் எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்துவிட்டது. பெரிய ஆட்களே முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். எனக்குச் சாப்பாடு கொண்டுவந்த இவள், தூக்குப்பெட்டியைக் கீழே வைத்துவிட்டு என் காலை அசையாமல் பிடித்துக்கொண்டாள். ஆம்புலன்ஸ்காரனிடம் கேட்ட முதல் கேள்வி, "இந்த எலும்புக்கு என்ன பேரு?"

அன்றே அவள் டாக்டர்தான் என்று முடிவு செய்துவிட்டேன். அவளும் செய்திருந்தாள்.

மாநிலக் கல்லூரியில் இடம் கிடைத்தது. ஒரு சனிக்கிழமை, பீன்ஸ் பானை அடுப்பில் இருக்கும்போது வந்து உட்கார்ந்தாள்.

"அண்ணே, மருத்துவக் கல்லூரிக்கு முன்னாடி நாலு வருஷம் படிக்கணும்ல, அதுல முக்கியப் பாடம் எது வேணா இருக்கலாமாம். வேதியியல், இயற்பியல், உயிரியல்ல அவங்க கேக்குற வகுப்பை மட்டும் முடிச்சா போதும். நான் பிரெஞ்சு எடுக்கலாம்னு இருக்கேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. "பிரெஞ்சா? அம்மா உனக்கு வீட்டுலயே ஓசியில குடுத்த பேச்சுக்கு நான் எதுக்குடி பணம் கட்டணும்?"

"மார்க் வரும்ணே. மார்க்கைத்தான் மொதல்ல பாப்பாங்களாம்."

"தட்டைக் கூரையில எவன் வேணா நடப்பான். செங்குத்துக் கூரைக்குத்தான் கூலி ஜாஸ்தி. கஷ்டமானதை எடு, என்ஜினியரிங் எடு. சீட்டு குடுக்குறவனுக்குக் கண்ணு இல்லையா?"

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. நூற்பாலை வேலைக்கு வந்த எங்கள் குடும்பங்களின் வீட்டுப் பிரெஞ்சை ஆலைக்காரப் பேச்சு என்று ஊரின் ஆங்கிலக்காரர்கள் கேலி செய்த காலம் அது. எனக்கும் அதில் வெட்கம் இருந்தது.

வேதிப் பொறியியல் எடுத்தாள். மூன்றாம் ஆண்டு இலையுதிர் காலத்தில் போன் செய்தாள்.

"அண்ணே, ஒரு வகுப்பு என்னை முழுங்குது. வெள்ளிக்கிழமைக்குள்ள அதுலேருந்து விலகிட்டா மார்க் கணக்குல சேராது."

"பாதிக் கூரையில எறங்குனவன் நம்ம வீட்டுல கிடையாது."

"சரிண்ணே," என்று வைத்துவிட்டாள். விலகவில்லை. தேறியும் தேறாத மதிப்பெண்தான் வந்தது. மறு வருடம் அதே பாடத்தைத் திரும்ப எடுத்து நன்றாகவே எழுதினாள். கல்லூரி பழைய மதிப்பெண்ணைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டது. ஆனால் மருத்துவக் கல்லூரிக்கான விண்ணப்பத்தில் இரண்டையும் எழுத வேண்டும், இரண்டையும் சேர்த்துத்தான் கூட்டுவார்களாம். கடைசியில் சராசரி நாலுக்கு 2.9.

பதினோரு கல்லூரிக்குப் போட்டாள். பதினோரு மெல்லிய உறைகள் வந்தன. சேர்த்துக்கொண்டால் தடித்த உறை வரும் என்பது எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். தபால்காரர்கூட அவள் கையில் கொடுக்காமல் வாசல் பெட்டியில் போட்டுவிட்டுப் போக ஆரம்பித்தார்.

நான் சும்மா இருப்பவனா? கல்யாணத்துக்குத் தைத்த கோட்டைப் போட்டுக்கொண்டு, நான்கு மணி நேரம் வண்டி ஓட்டி, அதில் ஒரு கல்லூரியின் அலுவலகத்துக்கே போனேன். மேசையில் இருந்த அம்மாளிடம் செங்குத்துக் கூரையைப் பற்றிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள்.

"ஆயிரக்கணக்குல விண்ணப்பம் வருதுங்க. மொதல்ல மார்க்கை வெச்சுத்தான் சலிக்கிறோம். என்ன பாடம்னு பாக்குறது அதுக்கப்புறம்."

"அப்போ தட்டைக் கூரைக்காரன் உள்ள போயிடுவானா?"

"ஒழுகாம போட்டிருந்தா போவாருங்க."

அந்த வருடம் எங்கள் தெருவிலிருந்து ஜிசேல் பெல்ஷா என்ற பெண்ணுக்குத் தடித்த உறை வந்தது. அவள் முக்கியப் பாடம் பிரெஞ்சு. 3.9.

மார்செலின் மறு வருடமும் போட்டுப் பார்த்தாள். பிறகு ஆஸ்பத்திரி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் சேர்ந்தாள். முப்பத்தெட்டு வருடம். எங்கள் கிழடுகள் காய்ச்சல் முற்றினால் ஆங்கிலம் மறந்து பிரெஞ்சில் புலம்புவார்கள். அப்போது டாக்டர்கள் இவளைக் கூப்பிட்டு என்ன சொல்கிறார்கள் என்று கேட்பார்கள். அவர்களுக்குச் சொல்லிவிட்டுத் தன் சோதனைக் குழாய்களிடம் திரும்பிவிடுவாள்.

என்னை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. ஒரே ஒரு முறை, மாதா கோயில் விருந்தில் யாரோ, "ரொசேர், உன் தங்கச்சியும் டாக்டர்தானே?" என்றார்கள். "இல்லீங்க. நான் டாக்டராகப் பாத்தேன், அண்ணன் என்னை என்ஜினியராக்கப் பாத்தாரு. ரெண்டு பேருமே தோத்துட்டோம்," என்றாள் அவள். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். நான் தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டேன்.

போன ஜனவரியில் என் உடம்பு இளைக்க ஆரம்பித்தது. டாக்டர் ஜிசேல் பெல்ஷாதான் பார்த்தாள். ரத்தம் எடுத்தார்கள். இரண்டே நாளில் மறுபடியும் எடுக்க வேண்டும் என்று கூப்பிட்டார்கள். ஊசியோடு வந்தது மார்செலின். முதல் ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தடவி நுண்ணோக்கியில் பார்த்ததும் அவள்தான்.

"என்னடி இருந்துச்சு?"

"கையை நீட்டுங்கண்ணே."

"ரெண்டாயிரம் கூரை ஏறுனவன்டி நான். பயப்பட மாட்டேன், சொல்லு."

ரப்பர் பட்டையை இறுக்கினாள். நரம்பு சட்டென்று கிடைக்கவில்லை. அவளுக்கு அது கிடைக்காமல் போய் நான் கேள்விப்பட்டதே இல்லை.

"எனக்குத் தெரியும்ணே. ஆனா நான் சொல்லக் கூடாது. டாக்டர்தான் சொல்லணும்."

பத்து வயதில் என் காலைப் பிடித்த அதே விரல்கள் பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டிருந்தன. குழாயை மெல்ல இரண்டு முறை சாய்த்து, என் பெயரை எழுதி ஒட்டினாள்.

"ஜிசேல் நாலு மணிக்கு வருவா. இங்கயே இருங்க," என்று சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

அப்போது மணி ஒன்றரை.