தைக்காமல் விட்ட இடது கை

அருங்காட்சியகத்தின் துணிப் பிரிவில் அவளுக்குப் ‘பொடித்தையல்’ என்று பெயர். பொடிப்பொடியாகத் தைப்பாள்; பேச்சும் அப்படித்தான், துளித்துளியாக வரும். நூறு வருடத்துக்கு முந்திய ஒரு கைக்குழந்தைச் சட்டையைப் பார்த்து அச்சு அசலாக இன்னொன்று தைக்கும் வேலை அவளிடம் வந்திருந்தது.

மேஜை மேல் விரித்து, இரண்டு நாள் பார்த்துக்கொண்டே இருந்தாள். விரித்த இரண்டு உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் சட்டை. பொத்தான் கிடையாது, முன்பக்கம் முடிய நாடாதான். பிஞ்சு உடம்பை உறுத்தக் கூடாதென்று தையல் விளிம்பெல்லாம் வெளிப்பக்கம். கை தாராளமாக அசைய அக்குளில் ஒரு சதுரத் துண்டு. வலது கை ஒழுங்காக மூடித் தைத்திருந்தது. இடது கை மட்டும் கழுத்திலிருந்து மணிக்கட்டுவரை மேல்பக்கம் திறந்து கிடந்தது.

“பிரிஞ்சு போயிருக்கும்மா. புதுசுல மூடித் தைச்சிடுங்க,” என்றார் அதிகாரி.

“பிரியல சார். ஓரத்த மடிச்சுத் தைச்சு, நாடா வேற வச்சிருக்காங்க. வேணும்னேதான் விட்டிருக்காங்க.”

“எதுக்கு?”

அவள் திறந்திருந்த ஓரத்தை இன்னொரு தரம் தடவிப் பார்த்தாள். பிறகு துணி வெட்டப் போனாள்.

அந்த வாரம்தான் தம்பிக்குப் பையன் பிறந்தான். நாலரை கிலோ. வெளியே வரும்போது தோள் சிக்கி, கழுத்தடியில் இடது காறை எலும்பில் கீறல் விழுந்துவிட்டது. தானே கூடிவிடும், கையை அசைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். சொல்வது சுலபம். அவள் பார்க்கப் போனபோது தம்பி குழந்தைக்குச் சட்டை மாட்டிவிட்டுக்கொண்டிருந்தான். குழந்தை வீறிட்டுக் கத்தியது. தம்பி மனைவி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து அழுதாள்.

“என்னால பாக்க முடியல அண்ணி. ஒவ்வொரு தடவையும் உயிர் போய் உயிர் வருது.”

தம்பியின் விரல்கள் துணிக்குள் அந்தச் சின்னக் கையைத் தேடிக்கொண்டிருந்தன. பொடித்தையலுக்கு மேஜைமேல் திறந்து கிடந்த அந்த இடது கை நினைவுக்கு வந்தது.

“விடுடா, மாட்டாத! பழைய போர்வை ஏதாவது இருக்கா? துவைச்சுத் துவைச்சு மெத்துனு ஆனது?”

ஜன்னலோரம் உட்கார்ந்து அந்தப் போர்வையில் அருங்காட்சியகச் சட்டை மாதிரியே ஒன்று தைத்தாள். அளவை மட்டும் கூட்டிக்கொண்டாள். சட்டையை விரித்து அதன்மேல் குழந்தையைக் கிடத்தி, இடது கையை அசைக்காமல் துணியை மேலே மடித்து மூன்று நாடாவையும் முடிந்தாள். பையன் வாய் நிறையக் கொட்டாவி விட்டான்.

“பாருங்க அண்ணி, உங்க மருமகனுக்கு நீங்க தைச்சாத்தான் பிடிக்குமாம்,” என்று தம்பி மனைவி அழுகையோடு சிரித்தாள்.

மறுநாள் அதிகாரியிடம் சொன்னபோது அவர் பழைய சட்டையின் இடது கையைக் குனிந்து பார்த்தார்.

“அப்ப, அந்தக் குழந்தைக்கும் இப்படித்தான் இருந்திருக்குமோ?”

“தெரியாது சார். ஏதோ ஒரு கையை வலிக்காம மூட நினைச்சிருக்காங்க.”

“ஆதாரமில்லாம அதை எழுத முடியாதும்மா,” என்றவர், ‘இடது கை வேண்டுமென்றே திறந்து தைக்கப்பட்டது’ என்று மட்டும் அட்டையில் எழுதினார். “குழந்தை இப்ப அழறதில்லையே?” என்று கேட்டார். அருங்காட்சியகத்துக்கான புதிய சட்டையையும் அவள் இடது கையைத் திறந்தபடியே விட்டுத் தைத்து முடித்தாள்.

நான்காவது வாரம் குழந்தையைத் தூக்கக் குனிந்தவளின் மூக்குக்கண்ணாடிமேல் பையனின் இடது கை தானே எழும்பி வந்து விழுந்தது. சின்ன விரல்கள் அதைப் பற்றிக்கொண்டன. தம்பி விடுவிக்க வந்தான்.

“இருடா, கொஞ்ச நேரம் வச்சிருக்கட்டும்,” என்று குனிந்தபடியே இருந்தாள்.