அக்காவின் குரலும் இரண்டு ஹார்ட் டிஸ்க்கும்

டப்பிங் கூடத்து எடிட்டருக்கு அவருடைய சகலை சொன்னாராம். சகலைக்கு யார் சொன்னார்களோ தெரியாது. எங்கோ ஒரு ஸ்டுடியோவில் ஹார்ட் டிஸ்க்கில் இருந்த கோப்புகள் ஓசைப்படாமல் அழுகிக்கொண்டிருந்தனவாம். பெயர் அப்படியே, அளவு அப்படியே, தேதியும் அப்படியே. திறந்தால்தான் உள்ளே சொத்தை.

இதை அத்தான் சாப்பாட்டு மேசையில் சொல்லிச் சிரித்தார். "கெட்டுப்போற டிஸ்க் கரகரன்னு கத்தும் மாப்ளே. கத்தாம கெட்டுப்போக அது என்ன, மனுஷனா?"

"மனுஷங்க கத்திக்கிட்டேதான் கெட்டுப்போறாங்க," என்றாள் அக்கா. அப்போதே அவள் குரல் பாதி காற்றாக இருந்தது.

அத்தான் ஒலிப்பதிவாளர். அந்த டப்பிங் கூடத்தில் அவருக்கு 'டபுள்' என்று பெயர். எதிலும் இரண்டு வேண்டும் அவருக்கு. சாவி இரண்டு, மூக்குக்கண்ணாடி இரண்டு. "வீட்டம்மா மட்டும் எப்படிங்க ஒண்ணோட நிறுத்திட்டீங்க?" என்று ஆள் மாற்றி ஆள் வம்பிழுப்பார்கள். அன்றன்றைய பதிவைக் கணினியில் ஏற்றி, சுருக்கி, ஒரு டிஸ்க்கில் சேமிப்பார். அதிலிருந்து இன்னொன்றுக்குப் பிரதி எடுப்பார். பிறகு முதல் கோப்பைக் கேட்பார், கடைசிக் கோப்பைக் கேட்பார். தலையும் வாலும் சரியாக இருந்தால் நடுவும் சரி. ஒலிக்காரர்கள் பலருக்கும் உள்ள பழக்கம்தான் இது. அதன்பின் பதிவுக் கருவியில் இருக்கும் மூலப் பதிவை அழித்துக் காலி செய்துவிடுவார்.

அக்காவின் தொண்டையில் கட்டி. குரல்வளையையே எடுக்க வேண்டும் என்றார்கள். நான் வெளிநாட்டிலிருந்து விடுப்பு எடுத்து ஓடிவந்தது அதற்காகத்தான். அறுவைக்கு முன் போதுமான வாக்கியங்களைப் படித்துப் பதிந்து கொடுத்தால், அதே குரலில் பேசும் ஒரு கருவியை ஒரு நிறுவனம் செய்து தருமாம். அவள் எழுத்தைத் தட்டினால் அது அவளாகப் பேசும்.

"என் பெண்டாட்டி குரலை வேற எவன் பதியறது?" என்று அத்தான் படுக்கையறையையே கூடமாக்கினார். சன்னலுக்குப் போர்வை, எதிரொலிக்காமல் இருக்கத் துணி அலமாரியின் கதவுகளை விரியத் திறந்து வைத்தார்.

"கல்யாணமான நாள்லேர்ந்து நான் பேசறதை இப்பதான் முழுசா கேக்கறீங்க," என்றாள் அக்கா.

"மைக்ல மூச்சு விழுது. திரும்பச் சொல்லு."

"இதையுமா?"

அறுவைக்கு முந்தைய நாள் காலை அவளை மருத்துவமனையில் சேர்த்துவிட்டு, நானும் அத்தானும் வீடு வந்தோம். பதிவுகளை அந்த நிறுவனத்துக்கு அனுப்பினார். மதியம் அவர்களுடைய பொறியாளர் கூப்பிட்டார். "சார், நடுவுல நிறைய பாழா வந்திருக்கு. அனுப்பறப்ப ஏதாவது ஆயிருக்கும். மறுபடி அனுப்புங்களேன்."

அத்தான் நடுவிலிருந்து ஒன்றைத் திறந்தார். "நாளைக்கு மழை வந்தா" என்று அக்கா ஆரம்பித்தாள். பட்டென்று ஒரு வெடிப்பு. பிறகு வெறும் இரைச்சல். இரண்டாவது டிஸ்க்கிலும் அதே வாக்கியம், அதே இடத்தில் வெடிப்பு.

கேபிளை மாற்றினார். டிஸ்க்குக்கும் கணினிக்கும் நடுவில் இருந்த யூஎஸ்பி ஹப்பைக் கழற்றி எறிந்துவிட்டு நேரே சொருகினார். டிஸ்க்கின் உடல்நலத்தைச் சோதிக்கும் நிரல், பழுதே இல்லை என்றது. ஒவ்வொரு கோப்புக்கும் கைரேகை மாதிரி ஓர் எண் எடுத்துத் தரும் நிரலை ஓட்டச் சொன்னேன். கோப்பு மாறாதவரை எண்ணும் மாறக் கூடாது. அவர் கணினியில் ஒரே கோப்பு இருமுறையும் வெவ்வேறு எண்ணைக் காட்டியது. என் மடிக்கணினியில் எத்தனை முறை எடுத்தாலும் ஒன்றேதான்.

"டிஸ்க் மேல தப்பில்ல மாப்ளே," என்றார் மெதுவாக. கணினியின் ராம் நினைவகத்தைச் சோதித்தார். திரை மேலிருந்து கீழாகப் பிழை வரிகளால் சிவந்துகொண்டே வந்தது. "எல்லாம் இந்த ஒரு வாசல் வழியாதான் உள்ள போயிருக்கு. போகும்போதே கடிச்சு அனுப்பியிருக்கு."

நல்லவற்றை மட்டும் பொறுக்கி என் கணினியிலிருந்து அனுப்பினோம். போதாது என்றார் பொறியாளர். இன்னும் ஒரு மணி நேரமாவது பேச வேண்டுமாம்.

"டாக்டர்கிட்ட ஒரு நாள் தள்ளிவைக்கச் சொல்லுவோமா?" என்று கேட்டேன்.

"ஏற்கெனவே ரெண்டு தடவை தள்ளியாச்சு. இனிமே தள்ளினா உயிருக்கு நான் பொறுப்பில்லைன்னுட்டார்." பதிவுக் கருவியைப் பைக்குள் திணித்தார். "காலையில முதல் ஆபரேஷனே அவளுக்குத்தான். சாயங்காலம் தூக்க மருந்து கொடுத்துடுவாங்க. அதுக்குள்ள போயாகணும். உன் மடிக்கணினியை எடுத்துக்க."

வாசலில் வண்டிகள் நெருக்கியடித்து நின்றன. எதிர் மாடிகளில் வெயில் ஏற்கெனவே மஞ்சளாகியிருந்தது. டாக்சியில் ஏறியதும் அத்தான் அக்காவைக் கூப்பிட்டு, போனை ஸ்பீக்கரில் போட்டார். முதல் மணியிலேயே எடுத்து, "என்ன, சாவியைத் தேடறீங்களா?" என்று கேட்பவள் அவள்.

"மருந்தை வாங்காதன்னு முதல்ல சொல்லணும்," என்றார், என்னிடமா தனக்கா என்று தெரியவில்லை. "மத்ததை நேர்ல சொல்லிக்கலாம்."

டாக்சிக்காரர் பாட்டை அணைத்தார். மணி போய்க்கொண்டே இருந்தது.