அது நான் இல்லண்ணே

ஜெயந்தி இறந்த செய்தி ஜெயந்தியின் மின்னஞ்சல் முகவரியிலிருந்தே வந்தது. "ஜெயந்தி காலமானார்" என்று ஒரு வரி, கீழே ஒரு லிங்க். கப்பலூரில் அவர் வேலை பார்த்த எங்கள் ரப்பர் கம்பெனியில் அதை முதலில் படித்தவன் நான். "மறுபடியும் ஆரம்பிச்சுட்டானுகளா" என்று சிரித்துக்கொண்டே அவருக்குப் போன் போட்டேன். எடுத்ததும் "அது நான் இல்லண்ணே" என்பார் என்று காத்திருந்தேன். மகள்தான் எடுத்தாள். "நெசந்தான் மாமா. காலைல நெஞ்சு வலிக்குதுன்னாங்க. அம்மா லேப்டாப்புலருந்துதான் எல்லாருக்கும் அனுப்புனேன்" என்றாள். அந்த லிங்க், பழங்காநத்தத்தில் அவர்கள் வீட்டுக்கு வழி.

"அது நான் இல்லண்ணே" என்பதை, எங்கள் கம்பெனியோடு பழகிய உங்களில் பலர் அவர் வாயாலேயே கேட்டிருப்பீர்கள். சில ஆண்டுகளுக்கு முன் எவனோ ஜெயந்தியின் முகவரியை அனுப்புநராகப் போட்டு ஊர் உலகத்துக்கெல்லாம் எடை குறைக்கும் மாத்திரை விற்றான். போய்ச் சேராத கடிதங்கள் எல்லாம் அவர் பெட்டிக்கே திரும்பி வந்து குவிந்தன. வாடிக்கையாளர்கள் திட்டினார்கள். ஜெயந்திக்குக் கோபம் வந்தது மாத்திரையால் அல்ல. "டியர் ஃப்ரெண்டுன்னு ஆரம்பிச்சிருக்காண்ணே. நான் யாருக்காச்சும் அப்பிடி எழுதிருக்கேனா?" என்றார். கவரில் அனுப்புநர் பெயரை யார் வேண்டுமானாலும் எழுதலாம், மெயிலும் அப்படித்தான் என்று ஒவ்வொருவருக்கும் போன் போட்டு விளக்கினார். வீட்டில் சௌராஷ்டிர மொழி பேசுகிறவர், அந்த வாரம் தூக்கத்தில் தமிழில் "அது நான் இல்லண்ணே" என்று உளறியதாக மகள் சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

முதலாளி வேறு முகவரிக்கு மாறிவிடச் சொன்னார். "எம்பேர நான் ஏன் சார் மாத்தணும்?" என்று கேட்டார் ஜெயந்தி. சர்வர்காரர்களை விடாமல் நச்சரித்து, எங்கள் சர்வர் வழியாக வராத எதையும் எங்கள் பெயரில் யாரும் ஏற்க வேண்டாம் என்று அறிவிக்கும் ஒரு பதிவைப் போடவைத்தார். அதோடு நின்றது. இது எனக்குத் தெரியும். தெரிந்தும்தான் அன்று காலை சிரித்தேன்.

இத்தனை பட்டும், கம்பெனி மெயிலில் குப்பைக் கடிதங்கள் போய் விழும் ஸ்பேம் பெட்டியை அவர் பார்க்காமல் அழித்ததில்லை. டீ வந்ததும் திறப்பார். "இம்புட்டு களவாணிகளுக்கு நடுவுல ஒரு நல்லவரும் மாட்டிக்கிட்டு இருப்பாருண்ணே." எங்கள் மோல்டிங் மெஷினில் இன்று நிற்கும் முருகேசனின் வேலை விண்ணப்பம் அங்கிருந்துதான் மீட்கப்பட்டது.

அன்று முழுக்க ஆபீஸ் போன் அடித்துக்கொண்டே இருந்தது. "இதும் அந்த மாதிரிதானண்ணே?" என்று கேட்டீர்கள். ஆமாம் என்று சொல்ல எனக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது. நிஜம்தான் என்று ஒவ்வொருவரிடமும் சொல்லி முடிப்பதற்குள் சாயங்காலம் ஆகிவிட்டது.

இப்போது டீ வந்ததும் அந்தப் பெட்டியை நான் திறக்கிறேன். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்த வழக்கம்தான். நல்லவர் யாராவது மாட்டியிருக்கிறாரா என்று பார்க்கிறேன். மூடுவதற்கு முன், பொய்யாகவாவது அவர் பெயரில் ஒன்று வந்திருக்கிறதா என்றும் பார்க்கிறேன். வராது. அந்த வழியை அவரே அடைத்துவிட்டுப் போயிருக்கிறார்.