ஜெர்மன் எழுத்துக்காகக் கொட்டாஞ்சேனைக்கு

இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்கு முந்திய ஒரு மாசி மாதம், தங்கச்சி தனத்தைக் கூட்டிக்கொண்டு வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்குப் போனேன். விளக்குச் சிமினி வெடித்து அவளுடைய இடக்கண் போய் ஒரு வருடமாகியிருந்தது. அன்றிலிருந்து வாசலைத் தாண்டாத பெண். ஜெர்மனியில் கண்ணாடிக் கண் செய்கிறார்கள், அவர்கள் மொழியிலேயே டைப் அடித்து அனுப்பினால் வேலை கெதியாக முடியும் என்று சொல்லி, கண் டாக்டர் கடிதத்தையும் ஜெர்மனிலேயே கையால் எழுதித் தந்துவிட்டார். அதில் புள்ளி வைத்த எழுத்துகள்! நான் வேலை செய்யும் கந்தோர் டைப்பிஸ்ட் கையை விரித்துவிட்டார்.

துறைமுகத்தில் கப்பல் கம்பனியில் வேலை செய்யும் பிலோமினா அக்காவுக்கு அந்த வித்தை தெரியும் என்றார்கள். கண்ணின் நிறத்தை எழுத டாக்டர் இடம் விட்டிருந்ததால், ஆளையும் கூட்டிவரச் சொல்லியனுப்பினார் அவர்.

ஞாயிறு காலை எட்டரை ரயில், மூன்றாம் வகுப்பு. கடலோரமாகக் கோட்டை ஸ்டேஷனுக்கு ஆறு மைல். தனம் முந்தானையை முகத்தில் இழுத்துவிட்டுத் தரையையே பார்த்தபடி வந்தாள். "கடலையாவது பாரன்!" என்று சீறினேன். எனக்குப் பொறுமை கொஞ்சம் குறைவு. கோட்டையிலிருந்து ஆளுக்கொரு ரிக்ஷா. ஐம்பது சதம் கேட்டவர்களிடம், "மல்லி, இருபத்தைந்து" என்று சிங்களத்தில் தம்பி முறை சொல்லிப் பேசி ஏறினோம்.

பிலோமினா அக்கா வீட்டில் இருந்தது சாதாரண இங்கிலீஷ் மிஷின்தான். முதலில் o அடித்தார். ஓர் எழுத்து பின்னுக்குத் தள்ளி, அதன் மேலேயே மேற்கோள் குறியைத் தட்டினார். ö வந்துவிட்டது! அட, இவ்வளவுதானா? ä, ü இரண்டுக்கும் இதே கைவேலை. ß வந்தால் இரண்டு s.

"மெல்லத் தட்டோணும் தம்பி. ஓங்கி அடிச்சா பேப்பர் ஓட்டை" என்றார்.

நிறம் எழுதும் இடத்தில் மிஷின் நின்றது. அக்கா தனத்தின் நல்ல கண்ணை உற்றுப் பார்த்தார். "இந்த இருட்டுக்குள்ளை கறுப்பா, மண் நிறக் கபிலமா எண்டு சொல்லேலாது. வெளியிலை வாரும் பிள்ளை."

வெளியே மாதா கோயிலில் பூசை முடிந்து தெரு நிறைய ஆட்கள். "வேண்டாம் அக்கா, கறுப்பெண்டே அடியுங்கோ" என்றேன்.

"நீங்கள் சும்மா இருங்கோ அண்ணா" என்று தனம் எழுந்தாள். "பிழையான நிறத்திலை வந்தா நான்தானே போடோணும்!"

தெருவில் நின்று முந்தானையை விலக்கினாள். சிலர் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா அவள் நாடியைப் பிடித்து முகத்தை வெளிச்சத்துக்கு நிமிர்த்தி ஆறுதலாகப் பார்த்து, "கடும் கபிலம். வடிவான கண்" என்றார். தனம் சிரித்தாள். எனக்குத்தான் அழுகை வந்துவிட்டது.

உங்களுக்கும் இப்படியொரு தேவை இருந்தால், பூசை முடியும் நேரம் பார்த்தே போங்கள், தெருவில் ஆட்கள் இருந்தால் இருக்கட்டும். நல்ல தடித்த தாளாக நான்கைந்து கொண்டுபோங்கள். சம்பந்தப்பட்ட ஆளைக் கட்டாயம் கூட்டிப்போங்கள்.

கண் கப்பலில் வந்து சேர நாலு மாதம் ஆனது. தனம் அதற்காகக் காத்திருக்கவில்லை; நாங்கள் போய்வந்த அந்த வாரத்து வெள்ளிக்கிழமையே தனியாகக் கோயிலுக்குப் போய்வந்தாள்.