போயிலையில் புகை இல்லை

போன வாரம் ராஜபாளையம் பேருந்து நிலையத்தில் ஒரு பந்தல் போட்டிருந்தார்கள். புகையிலை ஒழிப்பு முகாமாம். கிருஷ்ணன்கோவில் கல்லூரிப் பிள்ளைகள் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு நின்றார்கள். ஒரு பெண் என்னை மறித்து, "அங்கிள், ஸ்மோக் பண்ணுவீங்களா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். கையிலிருந்த டேப்லெட்டில் விரலால் ஒரு தட்டு. என் ஆரோக்கியம் உறுதியாகிவிட்டது. எனக்குப் பின்னால் நின்ற பெரியவரிடமும் அதே கேள்வி. "சேச்சே, அந்தப் பழக்கமே கெடையாது தாயி" என்றார். அவர் வாயைத் திறந்ததும் ஈரச் சாக்கில் கட்டிவைத்த புகையிலையின் காரநெடி என் மூக்கில் ஏறியது. அவருக்கும் ஒரு தட்டு. இருவரும் பிழைத்தோம்.

அந்த நெடியோடு மாடசாமி நினைவுக்கு வந்துவிட்டார். அவரைச் சொல்லுமுன் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் சுகாதார ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். புகையிலைச் சட்டத்தில் எந்தப் பிரிவுக்கு எந்த விதி, யார் அபராத ரசீது போடலாம், யார் போடக்கூடாது எல்லாம் தலைகீழாகத் தெரியும். அதனால் ஊரில் ஒரு பீடியாவது குறைந்ததா என்று மட்டும் கேட்காதீர்கள். பள்ளிக்கூடத்திலிருந்து நூறு கெஜத்துக்குள் சிகரெட் விற்கக்கூடாது என்று விதி வந்தபோது, ஸ்ரீவில்லிபுத்தூரில் டேப்பைப் பிடித்துக்கொண்டு ஒரு பெட்டிக்கடை முன்னால் போய் நின்றேன். கடைக்கார பாய் கல்கண்டு மடித்துக்கொண்டே சொன்னார்: "கடையத் தள்ளி வச்சிருதேன் சார். எனக்கு ஒண்ணுமில்ல. தலைமை வாத்தியாருதான் பாவம், அம்புட்டு தூரம் நடந்து வந்தா அவுகளுக்கு மூச்சு வாங்கும்." டேப்பைச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

மாடசாமி ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லின் வாசல் காவலாளி. பஞ்சு இருக்கும் இடத்தில் ஒரு பொறி விழுந்தால் மில்லே சாம்பல். அதனால் பீடி, தீப்பெட்டி எதுவும் உள்ளே போகக்கூடாது. ஷிப்டு மாறும்போது வாசலில் நின்று ஒவ்வொருவர் மடியையும் அவிழ்த்துப் பார்ப்பார்.

"மடியக் காட்டுலே."

"அண்ணாச்சி, கோமணத்தையும் பாத்துருங்க."

"அதுல பத்த வைக்க என்னலே இருக்கு? போ உள்ள."

இத்தனையும் இடது கன்னத்துக்குள் ஒரு புகையிலை உருண்டையை அதக்கிக்கொண்டே பேசுவார். வேலை நேரத்தில் புகைக்க முடியாத ஆண்களும், பெண்களும் எல்லோரும் அப்படித்தான். மில்லுக்குள் அதற்குத் தடையில்லை. இலையில் நெருப்பு இல்லையே.

எங்கள் பக்கம் யாரும் புகையிலை என்று சொல்வதில்லை. போயிலை என்பார்கள். எழுத்தில் இருக்கும் புகை பேச்சில் கழன்றுவிடும். துறை அச்சடித்து அனுப்பிய 'புகையிலை உயிரைக் குடிக்கும்' சுவரொட்டியை நானே அந்த வாசலில் ஒட்டினேன். மாடசாமி எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டு, "பாத்தீங்களாலே, பீடிய விட்டுத் தொலைங்க!" என்று எல்லோரையும் அதட்டினார். பிறகு திரும்பி, சுவரோரம் துப்பினார்.

அந்த ஆண்டு அந்த மில்லைப் 'புகையில்லா ஆலை' என்று அறிவிக்க முடிவானது. மேடையில் சால்வை வாங்க மாடசாமியைவிடப் பொருத்தமான ஆள் யார்? விவரம் கேட்கப் போன நான், சும்மா இருக்கமாட்டாமல் மூன்று விரலைச் சேர்த்து வாய்க்குள் விடச் சொன்னேன். சாதாரண வாய்க்குள் மூன்றும் போகும். அவருக்கு ஒன்றே இடித்தது. டார்ச் அடித்தால் கன்னத்தின் உள்ளே சுண்ணாம்பு பூசியது போல வெள்ளை, நடுவில் ஒரு புண்.

"பல்வலி சார். அதுக்குத்தான் போயிலை வைக்கேன்" என்றார்.

ஸ்ரீவில்லிபுத்தூர் அரசு மருத்துவமனைக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தேன். சட்டைப் பைக்குள் மடித்து வைத்துக்கொண்டார். "சால்வை போத்துறாகளாம்லா சார்? அதை வாங்கிட்டுப் பொறவு போறேன்." மில் மேலாளரிடம் போனேன். "விழா முடியட்டும் சார். அவன் இல்லாம விழாவா?" என்று டீ சொன்னார். மேலதிகாரியிடம் போனேன். கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "அது மெல்லுறதுய்யா. இது புகை. அது வேற ஸ்கீம்."

அதிகாரிகளின் சௌகரியத்துக்காக விழா தள்ளிப் போனது. மறுபடியும் தள்ளிப் போனது. புண் எந்த அதிகாரியின் தேதிக்கும் காத்திருக்கவில்லை. மாடசாமியின் மனைவி ராமலட்சுமி ஒருநாள் என் அலுவலக வாசலில் வந்து நின்றாள். "சோறு எறங்கல சார். கஞ்சியப் பல்லிடுக்குல ஊத்துறேன். அந்தச் சால்வைய முன்னாலயே குடுத்துரச் சொல்லுங்க சார், அவிய ஆசுபத்திரிக்கு வந்துருவாக." எத்தனையோ மனு வாங்கியிருக்கிறேன், இவ்வளவு நியாயமான மனு வந்ததில்லை. அதை எடுத்துக்கொள்ளத்தான் விதி இல்லை.

விழா ஒருவழியாக நடந்தது. பெரிய அதிகாரி சால்வையைப் போர்த்திவிட்டு, மைக்கை நீட்டி, "வாயைத் திறந்து நாலு வார்த்தை சொல்லுங்க" என்றார். மாடசாமி முயன்றார். கழுத்து நரம்பு புடைத்தது, வாய் திறக்கவில்லை. 'ம்' என்று ஒரு சத்தம் மட்டும் ஒலிபெருக்கியில் வந்தது. பின்வரிசையில் ஒருத்தன் கத்தினான்: "பொறுங்கலே, அண்ணாச்சி போயிலைய முழுங்கிட்டுப் பேசுவாக!" பந்தலே சிரித்தது. அதிகாரியும் சிரித்தார். போயிலை அதக்கவே அந்த வாயில் வழியில்லாமல் போய்ப் பல நாள் ஆகியிருந்தது.

மறுநாள் மருத்துவமனைக்குப் போனார், சொன்ன சொல் தவறாமல். ஸ்ரீவில்லிபுத்தூரில் பார்த்துவிட்டு மதுரைக்கு அனுப்பினார்கள். மதுரையில் இடது தாடையை எடுத்தார்கள். மிச்சத்தோடு கொஞ்ச காலம் இருந்தார். சுடுகாட்டுக்கு மில் ஆட்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். மடியைப் பார்க்க ஆள் இல்லாததால் ஆளுக்கு ஒரு பீடி பற்றவைத்துக்கொண்டு நின்றார்கள்.

கண்ணீர் அஞ்சலி பேனருக்கு வீட்டில் இருந்த ஒரே நல்ல படம் விழாவில் எடுத்தது. உதட்டை இறுக்கிக்கொண்டு, சால்வையோடு நிற்பார். அச்சுக்கடைக்காரன் அதிகாரியை அழித்துவிட்டான். தலைக்குப் பின்னால் இருந்த மேடை எழுத்தை முழுக்க அழிக்க அவனுக்குப் பொறுமை இல்லை. அதனால் மாடசாமி 'புகையில்லா' என்ற பாதிச் சொல்லுக்குக் கீழே நின்று எல்லோரையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

பதினாறு முடிந்ததும் ராமலட்சுமி அதை அவிழ்த்து ஆட்டுக் கொட்டகைக்கு மேல் போட்டாள். நல்ல கனமான பேனர், மழைக்குத் தாங்கியது. நான் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் பார்ப்பேன். வெயிலில் முதலில் வெளுத்தது வாய்தான். அடுத்த கோடைக்குள் மீதி முகமும் போயிற்று.