ராசாத்திக்கு ஊற்றிய தீர்த்தம்

ஸ்பிரிங்வேலில் எங்கள் பக்கத்து வீட்டு யோகேஸ்வரனுக்குப் பிள்ளைகள் இல்லை. ஒரு குதிரை இருந்தது. அதுவும் அவருடையது அல்ல, அவர் வேலை செய்த லாயத்து முதலாளியுடையது. பந்தயக்காரர்கள் அதற்கு ஏதோ வாய்க்குள் நுழையாத பெயர் வைத்திருந்தார்கள். இவருக்கு அது ராசாத்தி.

"என்ர கை படாட்டி அவள் ஒரு வாய் தின்னமாட்டாள்" என்று கலியாண வீடு, செத்த வீடு பாராமல் சொல்லிக்கொண்டு திரிவார். கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. ஆனால் ஊரைவிட்டுப் படகில் இந்த நாட்டுக்கு வந்து, விசாவுக்காக ஆண்டுக்கணக்கில் அலைந்த மனுஷனுக்குப் பெருமைப்பட வேறு என்ன இருந்தது?

போன வருடம் ராசாத்தியைப் பாரிசுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே ஆயிரம் மீற்றர் ஓட்டம். வளைவே இல்லாத நேர்ப்பாதை. கண்ணை மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். பராமரிக்க இவரும் கூடப் போனார். மனைவி கமலினி கோயில் தீர்த்தத்தை ஒரு சின்னப் போத்தலில் அடைத்துக் கொடுத்தாள்.

"ஓடமுதல் பிள்ளையின்ர வாயில கொஞ்சம் விடுங்கோ."

விட்டார். ராசாத்தி வென்றாள். அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு இவர் அழுததை நாங்கள் இங்கே டிவியில் பார்த்தோம். என் கண்ணும் கலங்கியது, பொய் சொல்வானேன்.

பிறகு குதிரையின் சிறுநீர்ப் பரிசோதனை முடிவு வந்தது. தீர்த்தத்தில் போடும் பச்சைக் கர்ப்பூரம் பந்தயக் குதிரைக்குத் தடை செய்த சாமான். சாமிக்கு ஆவது குதிரைக்கு ஆகாது என்று இந்த மனுஷனுக்கு யார் சொன்னது? வெற்றியைப் பறித்தார்கள். விசாரணையில் "நான்தான் குடுத்தனான்" என்று ஒளிக்காமல் ஒப்புக்கொண்டார். இனி எந்த லாயத்துக்குள்ளும் கால் வைக்கக்கூடாது என்றார்கள். கமலினியிடம் மட்டும், தீனியில் ஏதோ கலந்துவிட்டதாகச் சொல்லிவைத்தார்.

அவர் இடத்துக்குச் சுகிர்தன் என்றொருவர் வந்தார். ராசாத்தி பட்டினி கிடப்பாளே என்ற பயத்தில், இவரே அவருக்குப் போன் எடுத்து எல்லாம் சொல்லிக்கொடுத்தார். எங்கே சொறிய வேண்டும், எப்படிக் கூப்பிட வேண்டும், கரட் கிழங்கைச் சட்டைப் பைக்குள் ஒளித்துவைத்து எப்படித் தேடவிட வேண்டும்.

போன கிழமை, "ஒருக்கா அவளைப் பாக்கவேணும்" என்று என்னிடம் கெஞ்சினார். குதிரைகளுக்குப் பயிற்சி கொடுக்கும் மைதானத்துக்கு நான்தான் காரில் கூட்டிப்போனேன். வேலிக்கு வெளியே, தெருவில் நின்றோம்.

சுகிர்தன் பிடித்துவர, ராசாத்தி வந்தாள். நன்றாகக் கொழுத்து, தோல் மினுங்கிக்கொண்டிருந்தாள்.

"ராசாத்தி" என்று கூப்பிட்டார். காதைக்கூடத் திருப்பவில்லை. இன்னும் பலமாகக் கூப்பிட்டார். அவள் நின்றாள், சுகிர்தனின் சட்டைப் பைக்குள் மூக்கை விட்டுக் கரட்டைத் தேடினாள், அவரோடு போய்விட்டாள். எனக்கு அந்த மிருகத்தின் மேல் வந்த கோபம் கொஞ்சமல்ல.

வீடு திரும்பியபோது கமலினி வாசலிலேயே நின்றாள்.

"பிள்ளை மெலிஞ்சு போனாளே?"

"ஓம்" என்றார் யோகேஸ்வரன். "என்னைக் கண்டதும் வேலியடிக்கு ஓடி வந்தவள். பாவம், சரியா மெலிஞ்சு போனாள்."